மாணவர் மனப்பான்மையை அளந்த கோல்

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பல்கலைக்கழக வாயில்கள் அடைபட்டன. விரிவுரைகள் இணையத்தின்வழி நடைபெறலாயின. சில பிரிவு மாணவர் நீங்கலாக, அவ்வாண்டு முடியும்வரை கற்பித்தல் இணையவழியே நிகழும் என உயர்கல்வி அமைச்சு மே மாத இறுதியில் அறிவித்தது. இப்புதிய முறையை மாணவர் எவ்வாறு நோக்குகின்றனர் என்றறிய ஆய்வுக் கட்டுரைகள் பல எழுந்தன. அவற்றின் நோக்கம் நன்று. ஆயினும் அவை கைக்கொண்ட அளவுகோல் எத்தகையது என ஆராய்தல் வேண்டும்.

அவற்றுட் பல ஒரே அச்சில் வார்க்கப்பெற்றவை. 'முற்றும் உடன்படுகிறேன்' என்பது முதல் 'முற்றும் மறுக்கிறேன்' என்பது வரை ஐந்து படிகள் அமைத்து வினவும் முறை, 1932இல் லைக்கர்ட் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் வகுத்ததாகும். பயனும் எளிமையுமே ஒரு கருவியை மக்கள் ஏற்கச் செய்வன எனக் கூறும் டேவிசின் 1989ஆம் ஆண்டுக் கோட்பாடும் பெரிதும் துணைக்கொள்ளப்பட்டது. ஆனால் ஏற்பதும் மறுப்பதும் தெரிவு செய்யும் உரிமை உடையார்க்கே பொருந்தும். வேறு வழியின்றி இணைய வகுப்பில் அமர்ந்த மாணவனிடம் 'ஏற்கின்றாயா?' என வினவினால், வரும் விடை மனப்பான்மை ஆகுமா? அது பெரும்பாலும் பணிவேயாகும்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. வினாத்தாள்கள் பெரும்பாலும் இணையத்தின்வழியே அனுப்பப்பட்டன. இணைப்பு உடையவர் விடையளித்தனர்; இல்லாதவர் கணக்கிலேயே வரவில்லை. குளத்தில் நீர் உண்டா என்று குளத்து மீன்களையே வினவியது போன்றது இது. 2020 ஜூன் மாதத்தில், சபா மாநிலத்துப் பித்தாஸ் வட்டார மாணவி ஒருவர் இணைய அலை கிட்டும்பொருட்டு மரத்தின்மீது ஏறித் தேர்வெழுதிய செய்தியை நாடே அறியும். அவருக்குக் கல்வியில் ஆர்வம் குறைவு என எவரும் கூறார். குறை மனத்தில் இல்லை, இடத்தில் இருந்தது.

பாடம் சொல்லும் முறையைக் கூறவந்த நன்னூல், ஆசிரியன் காலத்தையும் இடத்தையும் நன்கு நோக்குதல் வேண்டும் என்றும், கொள்வோனின் திறமறிந்து கொடுத்தல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. தமிழாசிரியர் பலரும் மாணவப் பருவத்தில் மனனம் செய்த நூற்பா அது. ஆய்வாளரோ மனத்தை முதலில் அளந்து, இடத்தைக் கட்டுரையின் இறுதியில் 'சவால்கள்' என்னும் தலைப்பின்கீழ் ஒரு பத்தியில் அடக்கினர். ஒரே கைப்பேசியை உடன்பிறந்தார் மூவர் பகிர்ந்த இல்லமும், தனியறையும் கணினியும் வாய்த்த இல்லமும் ஒரே சராசரியில் கரைந்துபோயின.

இணையவழிக் கல்வியால் நன்மையே இல்லை என்பதன்று கருத்து. பதிவான விரிவுரையை மீண்டும் கேட்கலாம். நெடும் பயணம் மிச்சமாகும். அந்நன்மைகளை மறைத்தல் நேர்மையாகாது. ஆனால் அவை யார்க்குக் கிட்டின, யார்க்குக் கிட்டவில்லை என்று பிரித்துக் காட்டாத ஆய்வு, பாதி உண்மையையே கூறும்.

பெருந்தொற்றுக்குப் பின்னும் இணைய வகுப்பு பல்கலைக்கழகங்களில் நிலைத்துவிட்டது. எனவே மனப்பான்மை ஆய்வுகள் இன்னும் எழும். அவற்றை எழுதுவோர் கிட்டிய விடைகளை எண்ணுவதோடு அமையாது, கிட்டாத விடைகள் யாருடையவை என்றும் தேடுதல் கடன். திருக்குறளில் 'கேள்வி' என்னும் அதிகாரம் வினவுதலைக் குறிப்பதன்று; செவிகொடுத்தலைக் குறிப்பது. வினாத்தாளில் வினாக்கள் மிகுந்தன. வேண்டியிருந்தது அந்தக் கேள்வியே.