பெருந்திரை மடிக்கணினி: மேசைக்கணினிக்கு மாற்றா?

17 அங்குலமும் அதற்கு மேலும் திரை கொண்ட மடிக்கணினிகள் பெருந்திரை மடிக்கணினிகள் எனப்படுகின்றன. படம் பார்த்தல், இசை, விளையாட்டு, காணொளித் தொகுப்பு போன்ற பல்லூடகப் பயன்பாடுகளை முன்னிட்டு உருவான இவை, ‘மேசைக்கணினிக்கு மாற்று’ என்ற பெயரில் விற்கப்படுகின்றன. இந்தப் பெயர் பாதி அளவே உண்மை. மேசைக்கணினி பிடிக்கும் இடத்தை இவை மிச்சப்படுத்துகின்றன. அது செய்யும் வேலையை முழுமையாக ஏற்பதில்லை.

பின்னணி

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் தடம் கணினி உற்பத்தியோடு நேரடித் தொடர்பு உடையது. டெல் நிறுவனத்தின் ஆலை 2007 முதல் ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் இயங்குகிறது. ரெனால்ட்-நிசான் கார் ஆலை 2010இல் ஒரகடத்தில் திறக்கப்பட்டது. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டு போன்ற ஊர்களில் வாடகை அறையில் தங்கி, வேலைக்குச் சென்றுகொண்டே வரைவு மென்பொருள் பழகும் ஓர் இளைஞருக்குக் கணினி வாங்குவது பெரிய செலவு. ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்ற நிலையில், ‘இரண்டும் ஒன்றில்’ என்ற விளம்பரம் அவரை எளிதில் ஈர்க்கும்.

‘மாற்று’ என்ற சொல்லே இங்குச் சற்றுப் பொருந்தாதது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகப் பல வீடுகளுக்குள் முதலில் நுழைந்த கணினி மடிக்கணினிதான். அவ்வீடுகளில் மாற்றப்பட வேண்டிய மேசைக்கணினி இருந்ததே இல்லை. எனவே மடிக்கணினியிடம் இல்லாதது எது என்பது வாங்குபவருக்குத் தெரியாமலே போகிறது.

முன்னோடிகள்

டெல் 2006இல் வெளியிட்ட எக்ஸ்பிஎஸ் எம்2010, எச்பி 2007இல் வெளியிட்ட பவிலியன் எச்டிஎக்ஸ் ஆகிய இரண்டும் 20.1 அங்குலத் திரை கொண்டவை. முதலாவது 8 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. இரண்டாவது ஏறக்குறைய 7 கிலோ. மடியில் வைக்க இயலாத மடிக்கணினிகள் என்ற கேலிக்கு இவை ஆளாயின. ஆயினும் மேசைக்கணினியின் அடிப்படை இயல்பு ஒன்றை இவை புரிந்துகொண்டிருந்தன. எம்2010இன் விசைப்பலகையைத் தனியே கழற்றி எடுக்கலாம். எச்டிஎக்ஸின் திரையை இரட்டைக் கீல்களின் உதவியால் உயர்த்தி, முன்னே கொண்டுவரலாம். கண்ணுக்கு ஏற்ற இடத்தில் திரையும் கைக்கு ஏற்ற இடத்தில் விசைப்பலகையும் இருக்க வேண்டும் என்பதே அந்த இயல்பு.

பின்னர் வந்தவை எடையை வெகுவாகக் குறைத்தன. எல்ஜி கிராம் 17 ஏறத்தாழ 1.35 கிலோ மட்டுமே. ஆனால் கழற்றும் விசைப்பலகையும் உயரும் திரையும் பொதுவழக்கில் இல்லாமல் போயின.

மதிப்பீடு

திரை: 17.3 அங்குலத் திரை 15.6 அங்குலத் திரையைவிட ஏறக்குறைய 23 விழுக்காடு கூடுதல் பரப்புடையது. ஆனால் சாதாரண 24 அங்குல மானிட்டரின் பரப்பு அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. திரை பெரிதானாலும் அது விசைப்பலகையோடு கீலால் பிணைந்திருப்பதால், பார்வை மட்டத்துக்குக் கீழேயே நிற்கிறது. நாள்தோறும் பல மணி நேரம் குனிந்து பார்ப்பதன் விளைவு கழுத்து வலி.

திறன்: ஒரே பெயர் ஒரே திறனைக் குறிப்பதில்லை. ஆர்டிஎக்ஸ் 4090 வரைகலை அட்டையின் மேசைக்கணினி வடிவம் 450 வாட் வரை மின்சாரம் எடுக்கும். மடிக்கணினி வடிவத்தின் அடிப்படை வரம்பு 150 வாட். உள்ளிருக்கும் சில்லும் வேறு. மெல்லிய உடலில் வெப்பம் வெளியேற வழி குறைவு என்பதால், நீண்ட நேரம் காணொளி தொகுக்கும்போது வேகம் தானாகவே தணிக்கப்படுகிறது. ஏசி இல்லாத அறையில், சித்திரை வெயிலில், இந்தத் தணிப்பு இன்னும் விரைவில் தொடங்கும்.

பழுது: மேசைக்கணினியில் எஸ்எம்பிஎஸ் போனால் அதை மட்டும் மாற்றலாம், மானிட்டர் பழுதானால் வேறொன்றை இணைக்கலாம். மடிக்கணினியில் பலவும் மதர்போர்டோடு சேர்ந்தவை. சில வகைகளில் ரேம்கூடப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கிய அளவே இறுதி அளவு. எந்நேரமும் சார்ஜரில் இணைத்தே பயன்படுத்தினால் பேட்டரி முழு சார்ஜிலும் வெப்பத்திலும் கிடந்து விரைவில் முதுமை அடையும். பல நிறுவனங்களின் மென்பொருளில் உள்ள 80 விழுக்காட்டு வரம்பை இயக்குவது இதைக் குறைக்கும்.

நிறைகள்: மின்வெட்டின்போது யுபிஎஸ் இல்லாமலே வேலை தொடரும். தனி மேசை தேவையில்லை. அறை மாறினாலும் ஊருக்குத் திரும்பினாலும் ஒரு பையில் அடங்கிவிடும். ஒப்பந்த வேலைக்காக அடிக்கடி இடம் மாறுபவருக்கு இவை சிறிய நன்மைகள் அல்ல.

முடிவு

ஒரே அறையில் நிலையாக இருந்து நீண்ட நேரம் பணியாற்றுபவருக்கு, அதே செலவில் மேசைக்கணினியே அதிகத் திறனும் ஆயுளும் தரும். இடம் மாறுபவருக்கு மடிக்கணினி தேவை; ஆனால் அது பெருந்திரையுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. 15.6 அங்குல மடிக்கணினி ஒன்றை வாங்கி, கையில் பணம் சேரும்போது மானிட்டர், விசைப்பலகை, மவுஸ் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்வது பொருத்தமான வழி. எம்2010 எட்டுக் கிலோ எடையில் செய்ய முயன்றதை இந்த ஏற்பாடு எளிதாகச் செய்துவிடுகிறது. மானிட்டரும் மேசையும் ஒருபோதும் வைக்க இயலாத அறையில், படம் பார்ப்பதே முதன்மைத் தேவையாக இருந்தால் மட்டும், பெருந்திரை மடிக்கணினி அதன் விலைக்குத் தகுதியானது.