தூர் வாரினால் கல்வெட்டு கிடையாது

உங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டியிருந்தால் பக்கத்தில் பலகை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். திட்டத்தின் பெயர், மதிப்பீடு, திறந்துவைத்தவர் பெயர் என்று எது வேண்டுமானாலும் எழுதியிருக்கும். அந்த வடிகாலைக் கடைசியாக எப்போது தூர் வாரினார்கள் என்பதைத் தவிர!

சென்னை மாநகராட்சியின் செலவுக் கணக்கில் எனக்குள்ள சண்டையே இதுதான்.

பி.காம். முதல் வருஷமே சொல்லிக்கொடுப்பார்கள். மூலதனச் செலவு வேறு, வருவாய்ச் செலவு வேறு. வடிகால் கட்டினால் அது சொத்து. கணக்குப் புத்தகத்தில் வருஷக்கணக்கில் நிற்கும். அதே வடிகாலில் சேறு அள்ளினால் அது வெறும் செலவு. மார்ச் 31-ம் தேதியோடு போச்சு. அரசியலிலும் இதே கதைதான். கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடிக்கிறோம். வெள்ளையடிப்பதற்கு யார் அடிக்கிறார்கள்?

தி.நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு 2015-ல் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தை அறிவித்தது. ஒவ்வொரு நகரத்துக்கும் டெல்லி 500 கோடி ரூபாய் தரும், அதே அளவு பணத்தை இங்கே நாம் போட வேண்டும் என்று ஏற்பாடு. சென்னையில் தி.நகரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2019 நவம்பரில் சுமார் 40 கோடி ரூபாயில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. குறை சொல்ல மாட்டேன். குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு பயமில்லாமல் நடக்க நம்ம ஊரில் எத்தனை இடம் இருக்கிறது?

ஆனால், இரண்டே வருஷத்தில், 2021 நவம்பர் மழையில், அதே தி.நகர் தெருக்களில் தண்ணீர் நின்றது. அந்தப் பகுதியின் தண்ணீர் வடிய வேண்டியது மாம்பலம் கால்வாய் வழியாக. மேலே கிரானைட், கீழே சேறு என்றால் மழை கிரானைட்டைப் பார்த்தா வடியும்?

ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2025 மார்ச்சில் முடிந்துவிட்டது. இனி அந்த நடைபாதையில் கல் உடைந்தால், விளக்கு எரியாவிட்டால், செலவு நம் தலையில்தான். வாங்கும்போதே பராமரிப்புக்கு என்ன வழி என்று கேட்பது குடும்பம் நடத்துகிறவர்களின் புத்தி. மாநகராட்சிக்கு அது வேண்டாமா?

கணக்குப் புத்தகத்தில் ஏறாத சொத்துகள் கதை இன்னும் மோசம். பள்ளிக்கரணை சதுப்புநிலம் தென்சென்னையின் மழைத் தண்ணீரை ஒரு பைசா வாங்காமல் தேக்கிவைத்த இடம். அதன் ஓரத்தில் பெருங்குடி குப்பைமேட்டை வளர்த்தது வேறு யாருமில்லை, மாநகராட்சியேதான். மிச்சத்தைக் கட்டடங்கள் பார்த்துக்கொண்டன. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது அந்தப் பக்கத்துத் தெருக்களில் படகு விட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? தரைத்தள வீட்டுக்காரர்களின் பிரிட்ஜ், கட்டில், பிள்ளைகளின் சர்டிஃபிகேட் எல்லாம் தண்ணீரில் போயின. அந்த நஷ்டம் எந்த பட்ஜெட்டிலும் வராது.

'பணத்துக்கு எங்கே போவது?' என்று அதிகாரிகள் கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. சென்னையில் 1998-க்குப் பிறகு 2022-ல்தான் சொத்து வரியை உயர்த்தினார்கள். இருபத்துநாலு வருஷம் பழைய வரியைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூர் மாதிரி தெரு கேட்டவர்கள் நாம். வீட்டுச் சாக்கடையைத் திருட்டுத்தனமாக மழைநீர் வடிகாலில் இணைத்தவர்களும் நம்மில் உண்டு. சரி. இப்போது வரி கூடிவிட்டது, கட்டுகிறோம். கணக்குக் கேட்கலாம் இல்லையா?

2016-லிருந்து கவுன்சிலரே இல்லாமல் ஓட்டிய மாநகராட்சிக்கு 2022-ல்தான் தேர்தல் வந்தது. அதனால் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் 'புதுசா என்ன கட்டப் போறீங்க?' என்று கேட்காதீர்கள். 'ஏற்கெனவே கட்டினதைத் தூர் வார நம்ம வார்டுக்கு எத்தனை ரூபாய் ஒதுக்கினீங்க, எந்தத் தெருவில் எந்தத் தேதியில் வாரினீங்க?' என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்கித் தெருமுனையில் ஒட்டிவையுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் கேட்டால் நல்லது.