தோலும் பெயரும்

தளவானூர்க் குடைவரைக்கு முதலாம் மகேந்திரவர்மனின் பட்டமே பெயர்: சத்துருமல்லேஸ்வரம். உளி பிடித்தவன் பேர் கல்லில் கிடையாது. தோல் பதனிட்டவன் பேரோ இங்கே வசவாயிற்று. இதோடு ஒரு ஜெர்மானியக் குடும்பப்பெயரை வைத்துப் பார்க்கலாம்.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவின் பெயரைப் பிரித்தால் ‘ஆட்டுத்தோல்’. அப்பா தானிய வியாபாரி, மகன் பாதிரியார். பெயரில் தோல் இருந்தும் தோலுரிக்க யாரும் கூப்பிடவில்லை. செத்த மாடு உரித்தவர்களை அங்கும் தள்ளித்தான் வைத்தார்கள். ஆனால் பெயரிலிருந்து தொழில் கழன்றுகொண்டது.

இங்கே 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டத்தை விடச் சொன்னது. விட்டோம். பெயரின் வால் போச்சு. ‘தம்பிக்கு எந்தத் தெரு?’ என்ற விசாரணை போகலையே! சாதி இப்போது கேட்பவன் காதில் குடியிருக்கிறது. நம் விமர்சனம் ஆராய வேண்டியது அதைத்தான்.