ஒரே குவெரி, மூன்று கணினிகள்

ஒரு டேட்டாபேஸை விண்டோஸ், லினக்ஸ், மேக் என்று மூன்று கணினிகளில் ஏற்றி, ஒரே குவெரியை ஓட்டி நேரம் குறித்துக்கொள்வது எளிது. மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்தனவா என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. கணினி நிறுவனங்கள் அவரவருக்குத் தோதான வேகக் கணக்கைக் காட்டிவந்ததால், பொது விதி வகுக்க 1988-இல் டிபிசி என்ற அமைப்பே உருவானது. வீட்டில் சோதிப்பவருக்கு எஸ்க்யூலைட்டும் போஸ்ட்கிரெஸும் போதும். இரண்டும் இலவசம், மூன்று இயங்குதளங்களிலும் ஓடும்.

எழுதும் வேகத்தில் தொடங்கலாம். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் பழைய ஹார்டு டிஸ்க், நொடிக்கு 120 சுற்றுதான் சுற்றும். எஸ்க்யூலைட்டில் ஒரு பரிவர்த்தனை டிஸ்கில் பத்திரமாகப் பதிய ஏறக்குறைய இரண்டு சுற்று ஆகும். ஆக, நொடிக்கு 60 தாண்டுவது கடினம். அதே டிஸ்க் ஆயிரக்கணக்கில் காட்டினால், தரவு இன்னும் டிஸ்கின் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கிறது என்று பொருள். மேக்கில் இது இயல்பாகவே நடக்கும். அங்கே வழக்கமான எஃப்சிங்க் அழைப்பு தரவை டிஸ்க் வரை அனுப்பும். அதன் உள்நினைவகத்தைக் காலிசெய்யச் சொல்லாது. அதற்கு ஃபுல்எஃப்சிங்க் அமைப்பைத் தனியே இயக்க வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயலில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த சென்னையில், இந்த வித்தியாசத்தை அலட்சியம் செய்யக் கூடாது.

வரிசைப்படுத்தும் சோதனை தமிழ்த் தரவுக்கு இன்னும் முக்கியம். சாந்தோம், ஜெத் நகர், நொச்சிக்குப்பம், மந்தைவெளி என்ற நான்கு சென்னை இடப்பெயர்களை எஸ்க்யூலைட்டிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னால், இதே வரிசையில்தான் திருப்பித் தரும். யூனிகோடில் ‘ஜ’ இருப்பது ‘ச’வுக்குப் பக்கத்தில், எஸ்க்யூலைட் இயல்பாகப் பைட்டுகளை மட்டுமே ஒப்பிடுகிறது. தமிழ் அகராதி முறையில் கிரந்த எழுத்துகள் கடைசியில் வருவதால், ஜெத் நகர் மந்தைவெளிக்கும் பின்னால் போக வேண்டும். போஸ்ட்கிரெஸில் ஐசியு என்ற யூனிகோட் நூலகத்தின் வரிசைமுறையைத் தேர்ந்தால் அப்படித்தான் வரும். ஆனால் அதற்குக் கூடுதல் கணக்கு வேண்டும், நேரமும் கூடும். ஒரு கணினியில் பைட் வரிசையும் இன்னொன்றில் அகராதி வரிசையும் இருந்தால், முதலாவது ஜெயிப்பதில் ஆச்சரியமில்லை. லினக்ஸின் ஜிலிப்சி நூலகம் 2018-இல் 2.28 பதிப்பில் வரிசை விதிகளை மாற்றியபோது, பழைய இண்டெக்ஸ்கள் பல போஸ்ட்கிரெஸ் சர்வர்களில் பிழையாகி, மறுபடி கட்ட வேண்டியதாயிற்று.

வாசிக்கும் வேகத்தில் முதல் ஓட்டத்தையும் இரண்டாவது ஓட்டத்தையும் கலக்கக் கூடாது. இரண்டாவதில் தரவு ஏற்கெனவே ரேமில் இருக்கும். போஸ்ட்கிரெஸின் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் கட்டளையோடு பஃபர்ஸ் சேர்த்து ஓட்டினால், 8 கேபி பக்கங்களில் எத்தனை போஸ்ட்கிரெஸின் நினைவகத்தில் கிடைத்தன, எத்தனையை வெளியிலிருந்து வாசித்தது என்று காட்டும். அந்த ‘வெளி’யும் இயங்குதளத்தின் கேச்சாக இருக்கலாம். டிஸ்கிலிருந்து வாசிக்கும் வேகத்துக்கு, கணினியை அணைத்துப் போட்ட பிறகு வரும் முதல் எண்ணையே நம்பலாம். விண்டோஸில் டிஃபெண்டர் ஸ்கேன் ஓடிக்கொண்டிருந்தால் அந்த எண்ணும் கெடும்.

மேக்புக் ஏர் எம்1-இல் விசிறி கிடையாது. மே மாதம், ஏசி இல்லாத சாந்தோம் அறையில் நீண்ட குவெரிகளை அடுத்தடுத்து ஓட்டினால், சூட்டில் சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே மற்ற சோதனைகளைப் பத்து முறையாவது ஓட்டி, நடு எண்ணை எடுப்பதே நியாயம்.

இத்தனையையும் சமன்செய்த பிறகு, ரேமுக்குள் அடங்கும் தரவுக்கு இயங்குதள வித்தியாசம் பெரும்பாலும் சொற்பமே. பத்து லட்சம் வரிகளில் ஒரே ஒரு பெயரைத் தேட, இண்டெக்ஸ் இருந்தால் விரல் விட்டு எண்ணக்கூடிய பக்கங்கள் போதும். இல்லாவிட்டால் அட்டவணை முழுவதையும் படிக்க வேண்டும். குவெரி மெதுவாக ஓடுகிறதே என்று புதுக் கணினி வாங்கக் கிளம்பும் முன், ஒருமுறை எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் ஓட்டிப் பாருங்கள்.