எங்கே பொருத்துவது?

குழாய்ச் சுவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை ஆள் போகாமலே நாள்தோறும் தெரிந்துகொள்ளலாம். வயர்லெஸ் அரிப்பு சென்சார்களை விற்பவர்கள் தரும் வாக்கு இது. வாக்கில் பொய்யில்லை, ஆனால் சென்சார் பொருத்திய இடத்துக்கு மட்டுமே அது பொருந்தும்.

கருவியின் தகுதியை முதலில் ஒப்புக்கொள்வோம். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்விலிருந்து பிறந்து, 2016-இல் எமர்சன் வசமான பெர்மாசென்ஸ் கருவியில், மெல்லிய எஃகுப் பட்டைகள் ஒலியைக் குழாய்க்குக் கொண்டுசெல்கின்றன. மின்னணுப் பகுதி சூட்டிலிருந்து தள்ளி நிற்பதால் 600 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். சாரம் கட்ட வேண்டாம். இன்சுலேஷனைத் திரும்பத் திரும்பப் பிரிக்க வேண்டாம். கையால் அளக்கும்போது ஒவ்வொரு முறையும் ஆள் மாறுகிறார், தொடும் இடமும் சற்று நகர்கிறது. சென்சாரோ அதே இடத்தையே பார்ப்பதால் சின்ன மாற்றமும் தெரிகிறது. இதிலும் கவனம் தேவை. எஃகு 55 டிகிரி கூடுதலாகச் சூடானால் ஒலி சுமார் ஒரு சதவீதம் மந்தமாகும். ஒலி சென்று திரும்பும் நேரத்தை வைத்தே தடிமன் கணக்கிடப்படுவதால், 10 மில்லிமீட்டர் சுவர் 0.1 மில்லிமீட்டர் தடித்துவிட்டதாகக் கணக்கு காட்டும். வெப்பத் திருத்தம் இல்லாத கருவியை நம்பினால், இரும்பு வளர்கிறது என்றே அறிக்கை எழுத வேண்டிவரும்!

திருத்தம் சரியாக இருந்தால் இதன் உண்மையான பலம் வேகத்தைக் காட்டுவதில் இருக்கிறது. விலை மலிவென்று அமிலம் கூடிய கச்சா எண்ணெயை ஆலை ஏற்றும்போது, அரிப்பு வேகமெடுக்கிறதா என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும். அபாயம் மிகுந்த குழாய்களுக்கே 5 ஆண்டு வரை இடைவெளி அனுமதிக்கும் ஏபிஐ 570 (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் குழாய் ஆய்வு விதி) முறையால் இது ஆகாது.

பலவீனம் இடத் தேர்வில் வருகிறது. 2012 ஆகஸ்ட் 6 அன்று கலிபோர்னியாவின் ரிச்மண்டில், செவ்ரான் சுத்திகரிப்பு ஆலையின் குழாய் ஒன்று கிழிந்து தீப்பிடித்தது. சுமார் 15,000 பேர் மருத்துவ உதவி நாடினர். அந்தத் தடத்தில் தடிமன் அளக்காமல் இல்லை. பெரும்பாலும் வளைவுகளிலும் இணைப்புத் துண்டுகளிலும் அளந்தார்கள். அவற்றில் சிலிக்கான் போதிய அளவு இருந்ததால் கந்தக அரிப்பு மெதுவாகவே நடந்தது. கிழிந்த 52 அங்குல நேர்த்துண்டில் சிலிக்கான் மிகக் குறைவு. அதே எண்ணெய், அதே சூடு. உடைந்த இடத்தருகே சுவரில் சுமார் 90 சதவீதம் போய்விட்டிருந்தது. அங்கே அளவிடும் புள்ளி ஒன்றுகூட இல்லை. இத்தகைய குழாய்களின் எல்லாத் துண்டுகளையும் அளக்கும்படி 2009-லேயே நிறுவனத்தின் சொந்தத் தொழில்நுட்பப் பிரிவு பரிந்துரைத்திருந்தது. அது நிறைவேறவில்லை.

2019-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா சுத்திகரிப்பு ஆலையில் உடைந்ததோ ஒரு வளைவு. அதில் நிக்கலும் செம்பும் அதிகம் என்பதால், பக்கத்துக் குழாய்களைவிட வேகமாக மெலிந்தது. அந்த வளைவையும் யாரும் அளந்துவரவில்லை. ஆக, வளைவில் வைப்பதா, நேர்த்துண்டில் வைப்பதா என்பதற்குப் பொதுவிதி கிடையாது. பழைய புள்ளிகளிலேயே சென்சார் பொருத்தியிருந்தால், இரண்டு ஆலைகளிலும் எல்லாம் நலம் என்ற செய்திதான் தினமும் வந்திருக்கும்.

ஒரு சென்சார் பார்ப்பது நாணயம் அளவு பரப்பை. சீரான தேய்மானத்துக்கு அது போதும். அருகில் விழும் குழி அரிப்புக்குப் போதாது.

என் தீர்ப்பு வரிசையைப் பற்றியது. ஒவ்வொரு துண்டின் உலோகத்தையும் தடிமனையும் ஒருமுறையாவது கையால் சோதித்து முடித்த ஆலை, மெலிந்த துண்டுகளில் இதைத் தாராளமாகப் பொருத்தலாம். ஆய்வாளர் எண்ணிக்கையைக் குறைத்து, அந்தச் சேமிப்பில் வாங்கும் சென்சாரை ஏற்க முடியாது.