இசக்கியின் கையும் மாமன்னனின் நாற்காலியும்

எந்தப் படம் பார்த்தாலும் எனக்கு ஒரு கேள்விதான்: அடி விழும்போது கதை யார் பக்கத்தில் நிற்கிறது?

1992இல் வந்த 'தேவர் மகன்' கமல்ஹாசன் எழுதியது, பரதன் இயக்கியது. பெரியவீட்டுப் பிள்ளை சொல்லி, பூட்டிக் கிடந்த கோயிலின் பூட்டை உடைக்கிறான் வேலைக்கார இசக்கி. வெட்டுப்படுவது அவன் கை. ஆனா கதை அவன் வீட்டுக்குப் போகல. நாயகன் மனசு நோகுறதைக் காட்டிட்டு, பங்காளிச் சண்டைக்குத் திரும்பிடுது. கை போனவன் வீட்டு அடுப்பு எரிஞ்சுதா? கேட்க ஆளில்லை.

31 வருசம் கழித்து, 2023இல், மாரி செல்வராஜ் 'மாமன்னன்' எடுத்தார். இசக்கியாக நடித்த அதே வடிவேலு இதில் தனித்தொகுதி எம்.எல்.ஏ. ஆதிக்கசாதிக்காரர் முன்னால் உட்காராமல் நிற்கிறார். 'உட்காருங்க' என்று மகன் பிடிக்கிற பிடிவாதத்தில்தான் கதையே திரும்புகிறது.

நாற்காலியில உட்கார்றதெல்லாம் ஒரு கதையா என்பவர்களுக்குச் சொல்கிறேன்: 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் ஊராட்சித் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த நாடு இது. நமக்கு அது பெரிய கதைதான்.

ஆனால் அங்கே தரையில் உட்கார்ந்தது ஒரு பொம்பளை. படத்தில் மாமன்னன் மனைவி வீராயிக்குப் பேச்சே கொஞ்சம். மாமன்னன் சபாநாயகர் நாற்காலி வரைக்கும் போயிட்டார். வீராயி எப்போ உட்காருவா? அடுத்த கதையை நம்ம ஆட்கள் அங்கிருந்து தொடங்கட்டும்.