கானாவும் பெண்குரலும்

வடசென்னையில் இறந்தார் வீட்டில் இருவகைப் பாட்டுக் கேட்கும். மகளிர் பாடுவது ஒப்பாரி; இரவில் ஆடவர் பாடுவது மரண கானா. இது கண்டு, கானா ஆடவர் பாட்டு என்றே யாமும் மாணவர்க்குப் பாடஞ் சொல்லி வந்தோம். அவ்வரையறை நிற்குமா என்பதே ஈண்டு வினா.

ஐயத்தை எழுப்பியவர் இராயபுரத்து இசைவாணியார். இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் 2017-இல் அமைத்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் தொடக்கத்தே பாடிய பெண் இவர் ஒருவரே. கானாவும் ராப்பும் மின்கித்தாரும் அங்கே ஒருங்கு முழங்கின.

பேரொலி இசைக்கும் ஆலைக்கும் உறவுண்டு. 1968-இல் பர்மிங்காமில் தோன்றிய பிளாக் சாபத் குழுவின் டோனி ஐயோமி, தகட்டு ஆலையில் விரல்நுனிகளை இழந்தவர், பின்னர் நரம்புகளைத் தளர்த்தி மீட்டினார், ஓசை கனத்தது. ஹெவி மெட்டல் என்னும் வகை அங்ஙனம் உருப்பெற்றது. எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளுக்கு நடுவே வளர்ந்த செவிக்கு அவ்வோசை அயலன்று.

ஆயினும் மெட்டலில் குரல் கித்தாரோடு பொருதல் குறையாகாது. கானாவிலோ சொல்லே உயிர். இசைவாணியார் தாளமின்றி நீட்டித் தொடங்குமிடத்தில் ஒப்பாரியின் இழுப்பும், தாளம் புகுந்தபின் கானாவின் குத்தலும் ஒரு குரலிலேயே கேட்கின்றன. இதனைப் பெரும்பேறாகக் கருதுகின்றோம். முழவும் கித்தாரும் முந்திப் புகும்போது அந்நீட்டல் அறுபடுகிறது, சொல்லும் மறைகிறது. அது குழுவின் குறையே.

2020-இல் பிபிசி தன் நூறு மகளிர் பட்டியலில் அவரைச் சேர்த்தது. நம் பாடக்குறிப்புகளில் 'ஆடவர் பாட்டு' என்பதனை 'ஆடவர் பெரிதும் பாடிவந்த பாட்டு' என்றேனும் இனித் திருத்துதல் வேண்டும்.